ஏழு யன்னல்களுக்கு வீட்டிலேயே திரைச்சீலை: அம்மாவின் சேலைகளை வெட்டலாமா?

உரும்பிராய் வீட்டுக்காரி:

வணக்கம். புது வீட்டுக்குக் குடிவந்து ஐந்து மாதமாகிறது. ஏழு யன்னல்களில் ஒன்றுக்கும் இன்னும் திரை இல்லை. பழைய படுக்கை விரிப்புகளைக் கம்பியில் முடிச்சுப் போட்டு வைத்திருக்கிறோம். வீட்டு வேலையிலேயே கையிருப்பு முடிந்துவிட்டது. நகரில் ஒரு கடையில் துணி, தையல், பொருத்துதல் எல்லாம் சேர்த்து விலை கேட்டேன். அந்தக் காசுக்குக் குசினிக்கு ஓர் அலுமாரி செய்துவிடலாம். நல்லூர்க் கொடியேற்றத்துக்கு முன்பு கனடாவிலிருந்து சித்தி குடும்பம் வருகிறது. அதற்குள் ஏதாவது வழி பார்க்க வேண்டும்.

என்னிடம் அம்மம்மா காலத்துச் சிங்கர் கால்மெசின் இருக்கிறது. நேர்த்தையல் இன்னும் ஒழுங்காக விழுகிறது. அம்மாவின் பருத்திச் சேலைகள் பதினொன்று இருக்கின்றன. அம்மா போய் இரண்டு வருடம். படிப்பித்த காலம் முழுவதும் பருத்திதான் உடுத்தார். ஞாயிற்றுக்கிழமை கஞ்சி போட்டு, வெயில் தாழ்ந்த பிறகு ஐந்து சேலையையும் மினுக்கி, கிழமை வரிசையில் அடுக்கி வைப்பார். தங்கை அவற்றை வெட்டவே கூடாது என்கிறாள். அலுமாரிக்குள் பூச்சி உருண்டை வாசத்தோடு அவை மடிப்பிலேயே இற்றுப்போவதை என்னால் பார்க்க முடியவில்லை.

யன்னல்கள் எல்லாம் ஒரே அளவு, 4 அடி அகலம், 4 அடி உயரம். ஒரு சேலையில் எத்தனை திரை வரும்? எங்கள் செம்பாட்டு மண்ணுக்கும் தென்மேற்கிலிருந்து வீசும் சோளகக் காற்றுக்கும் பருத்தி ஈடுகொடுக்குமா? தைக்கத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கோண்டாவில் தையற்கடை:

தங்கச்சி, இருபது வருடமாகத் தைக்கிறேன். வெட்டுவதா வேண்டாமா என்பதை நீங்களும் தங்கையும் பேசி முடியுங்கள். நான் கணக்கை மட்டும் சொல்கிறேன்.

யன்னல் 48 அங்குலம் என்பதால் துணியும் 48 அங்குலம் போதும் என்று நினைத்துத்தான் பலர் பிழை விடுகிறார்கள். திரை தொங்கும் குழாய், யன்னலின் இரு பக்கமும் 6 அங்குலம் வெளியே நிற்க வேண்டும். ஆக 60. துணி அதைப்போல ஒன்றரை மடங்காவது இருக்க வேண்டும். ஆக 90. அதற்குக் குறைந்தால் மூடும்போது சுருக்கு விழாது, துணி பலகை மாதிரி நிற்கும். சேலையின் அகலம் ஏறக்குறைய 45 அங்குலம். இரண்டு துண்டு போட்டால் சரியாக 90 வந்துவிடுகிறது.

இனி உயரம். குழாயைச் சட்டத்துக்கு 5 அங்குலம் மேலே பொருத்துங்கள். திரை யன்னலின் அடிக்கட்டைக்கு 6 அங்குலம் கீழே இறங்கட்டும். 48, 5, 6 மூன்றையும் கூட்டினால் 59. குழாய் நுழையும் மேல்மடிப்புக்கு 3 அங்குலம், கீழ்மடிப்புக்கு 5 அங்குலம் விட்டால் வெட்டும் நீளம் 67. சேலை ஐந்தரை மீற்றர், அதாவது 216 அங்குலமளவில் வரும். மூன்று துண்டு வெட்டினால் 201 போகும். மிச்சம் 15 அங்குலத்தில் திரையை ஒதுக்கிக் கட்டும் பட்டிகள் தைத்துக்கொள்ளலாம். ஏழு யன்னலுக்கு 14 துண்டு. ஐந்து சேலையில் 15 துண்டு கிடைக்கும்.

சேலையில் இன்னொரு வசதி உண்டு. இரண்டு பக்கமும் கரை இருப்பதால் பக்கமடிப்பே தைக்க வேண்டியதில்லை. பாதி வேலை அங்கேயே மிச்சமாகிறது. கரை இரண்டும் மேலிருந்து கீழாக நேராக இறங்கும்போது, காசு கொடுத்து வாங்கிய திரையில்கூட அந்த அழகு வராது. முந்தானைத் துண்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். இரண்டு சேலையின் முந்தானைகளை ஒரே யன்னலில் இடமும் வலமும் போட்டால் முன்னறைக்கு அதுவே அலங்காரம்.

வெட்டுவதற்கு முன் கட்டாயம் செய்ய வேண்டிய ஒன்று. ஒவ்வொரு சேலையையும் காலை வெயிலில் கொடியில் ஒற்றையாக விரித்துப் போட்டு, எதிர்ப்பக்கம் நின்று பாருங்கள். இடுப்பில் கொய்யக மடிப்புச் செருகிய இடமும், உட்காரும்போது அழுந்திய இடமும் வலைபோல வெளிச்சம் விடும். அந்தப் பகுதிகளைச் சோக்கால் வட்டமிட்டு ஒதுக்குங்கள். அங்கே தைத்தால் முதல் தோய்ப்பிலேயே கிழியும். கீழ்க்கரையில் போல்ஸ் தைத்திருந்தால் பிரித்துவிடுங்கள். பிரித்த இடத்தில் நிறம் கொஞ்சம் கடும் நிறமாகத் தெரியும். வெயிலில் சில மாதத்தில் ஒன்றாகிவிடும்.

மானிப்பாய் வாசகர்:

சகோதரிக்கு ஒன்று சொல்ல வேண்டும். அம்மாவின் ஞாபகம் பெரிதுதான். ஆனால் வலிகாமத்துச் செம்மண்ணில் வெளிர் பருத்தித் திரை வைகாசியிலிருந்து ஆவணி வரை படும் பாட்டை நான் அனுபவித்திருக்கிறேன். சோளகம் வீசத் தொடங்கினால் இரண்டு கிழமையில் திரையின் அடிப்பாகம் காவி வேட்டி நிறத்துக்கு வந்துவிடும். பிறகு நாங்கள் பொலியெஸ்ரர் வாங்கினோம். தோய்த்துப் போட்டால் ஒரு மணி நேரத்தில் காய்கிறது, சுருங்குவதில்லை, மினுக்க வேண்டியதில்லை. வெயிலுக்கும் பருத்தியை விட அதிகம் நின்றுபிடிக்கிறது. மொத்தவிலைக் கடைகளில் றோல் முடியும் மிச்சத்துணி மலிவாகக் கிடைக்கும். நிறம் பொருந்தாவிட்டாலும் அறைக்கு ஒரு நிறம் என்று போட்டுவிடலாம்.

கோண்டாவில் தையற்கடை:

ஐயா சொல்வது சரிதான். மறுக்க மாட்டேன். ஆனால் பொலியெஸ்ரர் காற்றை மறிக்கும். பங்குனி சித்திரைப் புழுக்கத்தில் மின்சாரம் நின்றுவிட்டால் பருத்தித் திரை போட்ட அறையில்தான் இருக்க முடியும். அதோடு அந்தத் துணி நெருப்புப் பட்டால் உருகித் தோலில் ஒட்டும். சாமி அறை யன்னலுக்கும் குசினிக்கும் அதைப் போடவே கூடாது. பருத்தியும் எரியும். அதனால் குசினியில் எந்தத் துணியானாலும் அடுப்புக்கு எட்டாத பக்கத்து யன்னலுக்கு மட்டும், அதுவும் கீழ்ப்பாதிக்கு மட்டும்.

செம்மண் பிரச்சினைக்கு வழி உண்டு. தூசி படிந்த திரையை அப்படியே தண்ணீரில் போடுவதால்தான் கறை ஏறுகிறது. முதலில் காய்ந்தபடியே வெளியே கொண்டுபோய் உதறி, மெல்லிய தூரிகையால் தட்டிவிடுங்கள். பிறகு வெறும் தண்ணீரில் இரண்டு தரம் அலசிய பின்புதான் சவர்க்காரம். வெண்மையாக்கும் திரவம் ஊற்ற வேண்டாம். எங்கள் மண்ணின் சிவப்பு இரும்பினால் வருவது. அந்தத் திரவம் அதைப் போக்காது, சில நேரம் கறையை இன்னும் கடுமையாக்கும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லி வைக்கிறேன். எந்த யன்னல் எந்தத் திசை என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். மேற்கு யன்னலில் பின்னேர வெயில் நிறத்தைத் தின்னும் என்பது எல்லோருக்கும் தெரியும். வடக்கு யன்னலில் வெயில் வராது என்று பலர் நம்பி ஏமாறுகிறார்கள். எங்கள் ஊரில் சித்திரை நடுப்பகுதியிலிருந்து ஆவணி வரை மத்தியானச் சூரியன் உச்சிக்கு வடக்கே நிற்கும். அந்த மாதங்களில் வடக்கு யன்னலுக்கும் வெயில் உண்டு. இருண்ட நீலம், சிவப்புச் சேலைகளைக் கிழக்கு, தெற்கு யன்னல்களுக்குக் கொடுங்கள். வெளிர் நிறங்களை வடக்குக்கும் மேற்குக்கும் போட்டு, மேற்குக்கு மட்டும் உட்துணி வையுங்கள். பழைய வெள்ளைப் படுக்கை விரிப்பே போதும். புதுத்துணி வாங்கினால் முதலில் ஒரு தரம் நனைத்துக் காயவைத்தே வெட்ட வேண்டும். அம்மாவின் சேலை எத்தனையோ தோய்ப்புக் கண்டது, இனிச் சுருங்காது. புதிய உட்துணி 60 அங்குலத்தில் 2 அங்குலம் சுருங்கினால் திரை முழுவதும் கொசுவிக்கொண்டு நிற்கும்.

புது மருமகள், சுன்னாகம்:

நிறம் போகாமல் இருக்கச் சேலைகளை உப்புத் தண்ணீரில் ஓர் இரவு ஊறவைத்தால் போதும் அல்லவா? எங்கள் வீட்டில் எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள்.

கோண்டாவில் தையற்கடை:

இல்லை பிள்ளை. ஆலையில் சாயம் போட்டு முடித்த துணிக்கு உப்போ வினாகிரியோ எதுவும் செய்யாது. சாயம் கழன்றால் கழன்றபடிதான். நாலைந்து தண்ணீர் மாற்றி அலசி, உபரிச் சாயத்தை வெளியே விடுவதைத் தவிர வேறு வழி இல்லை.

சாவகச்சேரி அக்கா:

இரண்டு நாளாக வாசித்துவிட்டுப் பேசாமல் இருந்தேன். வெட்டலாமா என்று கேட்ட பிள்ளைக்கு என் கதையைச் சொல்கிறேன்.

1995 ஒக்டோபர் 30 இரவு நாங்கள் போரால் இடம்பெயர்ந்து வலிகாமத்திலிருந்து நடந்து வந்தோம். தென்மராட்சியில் ஒரு பள்ளிக்கூட வகுப்பறையில் நான்கு குடும்பங்கள். மேசைகளை இழுத்து வைத்து, அவற்றுக்கு மேலே அம்மா தான் கொண்டுவந்த மூன்று சேலைகளில் இரண்டைக் கயிற்றில் தொங்கவிட்டார். பச்சையில் மஞ்சள் கட்டம் போட்ட சேலை ஒன்று எங்கள் பக்கம். வயதுக்கு வந்த பெண்கள் நானும் அக்காவும் உடுப்பு மாற்றியதும், தலை வாரியதும், படுத்து அழுததும் அதற்குப் பின்னால்தான். காற்றடித்தால் அந்தத் துணி முகத்தில் படும். அம்மாவின் வாசம் வரும். பிறகு அது தம்பி பிள்ளைக்கு ஏணையானது. கடைசியில் பானை பிடிக்கும் துணியாகத் தேய்ந்து போனது. அதை எடுத்து வைக்கவில்லையே என்று எனக்கு ஒருநாளும் கவலை வந்ததில்லை. அது முழுக்க எங்களோடு இருந்தது.

கூறைச்சேலையை மட்டும் தொடாதே பிள்ளை. அது தங்கைக்கும் உனக்கும் பொது. பட்டு யன்னலுக்கு ஆகவும் ஆகாது. வெயில் பட்டால் பட்டிழை பொடிந்துவிடும், மீண்டும் மடிக்கவே முடியாமல் போகும். பருத்தியைத் தை. தங்கையையும் கூப்பிட்டுப் பக்கத்தில் இருத்தித் தை.

பாஷையூர்க் கரை:

கடற்கரைப் பக்கம் இருப்பதால் காற்றைப் பற்றி நான் சொல்லலாம். திரை எவ்வளவு அழகாக இருந்தாலும் சோளகத்தில் மேலே பறந்து கூரையில் ஒட்டிக்கொண்டால் பயன் இல்லை. கீழ்மடிப்புக்குள் பாரம் வைக்க வேண்டும். வலைக்குக் கோர்க்கும் ஈயக்குண்டுகள் மீன்பிடிச் சாமான் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். மூலைக்கு ஒன்று, நடுவில் ஒன்று போதும். இரும்பு வாசர் வைக்காதீர்கள், துருப்பிடித்துத் துணியில் வட்டமாகக் கறை இறங்கும். அதே காரணத்தால் ஸ்பிரிங் கம்பியும் வேண்டாம். எங்கள் வீட்டில் ஒரு மாரிகூடத் தாண்டவில்லை. பிவிசி குழாய்தான் சரி.

புது மருமகள், சுன்னாகம்:

ஈயம் பிள்ளைகளுக்கு நஞ்சு அல்லவா? எங்கள் வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை திரை நுனியை வாயில் வைத்தபடியேதான் நிற்கிறது.

பாஷையூர்க் கரை:

நீங்கள் சொல்வது மிகவும் சரி. குழந்தை உள்ள வீட்டுக்கு ஈயம் வேண்டாம். நான் அதை யோசிக்கவில்லை. கழுவிய சிறு கூழாங்கற்களை ஒரு துணிப் பைக்குள் இறுகத் தைத்து மடிப்புக்குள் வையுங்கள். அல்லது கீழ்மடிப்பை மூன்று சுற்றாக மடித்தால் துணியின் பாரமே ஓரளவு இழுத்துப் பிடிக்கும்.

குழாயைப் பற்றி இன்னொன்று. அரை அங்குலக் குழாய் 60 அங்குல நீளத்துக்கு நடுவில் வளைந்துவிடும். முக்கால் அங்குலம் எடுங்கள், நடுவில் ஒரு தாங்கி வையுங்கள். இரண்டு துண்டுத் திரை என்பதால் நடுத்தாங்கி இரண்டுக்கும் இடையில் மறைந்துவிடும். குழாயில் அச்சடித்திருக்கும் எழுத்துகளை மண்தாளால் தேய்த்து எடுத்துவிட்டுப் பழுப்பு வர்ணம் பூசினால் மரம்போல இருக்கும்.

சித்திர ஆசிரியர், வடமராட்சி:

எல்லோரும் அளவும் பாரமும் பேசிவிட்டீர்கள். அலங்காரத்துக்கு என் பங்கு. பூவேலை இல்லாத வெற்றுச் சேலை ஏதாவது இருந்தால் அச்சுப் பதிக்கலாம். அச்சுக்கட்டை தேவையில்லை, முற்றிய வெண்டிக்காய் போதும். காம்பிலிருந்து ஓர் அங்குலம் விட்டுக் கூரிய கத்தியால் ஒரே இழுப்பில் வெட்டுங்கள். வெட்டுமுகத்தைப் பத்திரிகைத் தாளில் கவிழ்த்து அரை மணி நேரம் வையுங்கள். அதன் வழுவழுப்பு வற்றாவிட்டால் வர்ணம் வழுக்கும். துணி வர்ணத்தைப் பஞ்சில் தொட்டுக் காயின் முகத்தில் ஒற்றி, துணியில் நேராக வைத்து அழுத்தி நேராகவே எடுங்கள். கையைத் திருகினால் பூ கலங்கிவிடும். ஐந்து இதழும் நடுவில் விதைக்குழிகளுமாக வெண்டிப்பூவே விழும். பத்துப் பதினைந்து தரம் பதித்ததும் முகம் மழுங்கும். ஒரு மெல்லிய துண்டை வெட்டி எறிந்துவிட்டுத் தொடருங்கள். ஒரு நாள் காயவிட்டுத் துணியின் பின்பக்கத்தில் மினுக்கினால் வர்ணம் பிடித்துக்கொள்ளும். என் மாணவர்கள் ஒரு பின்னேரத்தில் இரண்டு யன்னல் திரைக்குக் கரை முழுவதும் பதித்து முடித்தார்கள்.

மஞ்சளில் சாயம் போடலாமே என்று யாராவது கேட்கக்கூடும். துணி பொன்னாகத்தான் வரும். ஆனால் மஞ்சள் வெயிலில் நிற்காது, யன்னலில் தொங்கினால் சில கிழமைகளில் வெளிறிவிடும். நின்ற சாயம் எங்கள் மண்ணிலேயே இருந்தது. யாழ்ப்பாணத்திலும் மன்னாரிலும் மணற்பாங்கான இடங்களில் தோண்டிய சாயவேர், படிகாரத்தோடு சேர்ந்து அழியாத சிவப்பைத் தரும். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஒல்லாந்தர் அந்த வேரிலிருந்து நல்ல வருமானம் பார்த்தார்கள். அந்தச் செடியை இன்றைய பிள்ளைகளுக்குக் காட்டக்கூட முடியவில்லை என்பது என் மனதில் நெடுநாளாக இருக்கும் வருத்தம்.

திரையை ஒதுக்கிப் பிடிக்கும் வளையத்துக்கு நல்ல வட்டமான சிரட்டை எடுத்து, நடுப்பகுதியை ஓர் அங்குல அகல வளையமாக அறுத்துத் தும்பு போகத் தேய்த்து, தேங்காய் எண்ணெய் பூசுங்கள். கறுத்து மினுங்கும். பட்டியில் கோர்த்துச் சுவரிலுள்ள கொழுக்கியில் மாட்டினால் கடையில் அப்படி ஒன்று கிடைக்காது.

மானிப்பாய் வாசகர்:

மேற்கு யன்னலுக்கு உட்துணி போடச் சொன்னது பற்றி ஒரு கேள்வி. மாரியில் இரண்டு துணிக்கு நடுவில் பூஞ்சணம் பிடிக்காதா? எங்கள் வீட்டில் ஒரு முறை கறுப்புப் புள்ளி விழுந்து தூக்கி எறிய வேண்டி வந்தது.

கோண்டாவில் தையற்கடை:

பிடிக்கும், இரண்டையும் நான்கு பக்கமும் சேர்த்துத் தைத்தால். மேலே மட்டும் சேர்த்துத் தைத்து, பக்கமும் அடியும் விடுதலையாக விடுங்கள். உட்துணி திரையை விட ஓர் அங்குலம் கட்டையாக இருக்கட்டும். ஐப்பசி பிறந்தால் அதைக் கழற்றி வைத்துவிடலாம், மாரியில் வெயில்தான் இல்லையே. கழற்ற வசதியாக உட்துணியைக் குழாய் மடிப்பில் சேர்க்காமல் சிறிய பொத்தான்களில் மாட்டுபவர்களும் உண்டு. வேலை கூட, ஆனால் பயன் உண்டு.

உரும்பிராய் வீட்டுக்காரி:

எல்லோருக்கும் நன்றி. மூன்று கிழமை கழித்து எழுதுகிறேன். ஆறு யன்னல்கள் முடிந்துவிட்டன.

சாவகச்சேரி அக்கா எழுதியதைத் தங்கைக்கு வாசித்துக் காட்டினேன். அவள் ஒன்றும் பேசவில்லை. சனிக்கிழமை காலை பிள்ளைகளோடு வந்து, தானே சேலைகளை எடுத்துக் கொடியில் விரித்தாள். இரண்டு சேலைகளில் கொய்யகப் பக்கம் முழுவதும் நைந்திருந்தது. அவற்றில் இரண்டிரண்டு துண்டுதான் தேறியது. மற்ற மூன்றில் மும்மூன்று. மொத்தம் பதின்மூன்று. பன்னிரண்டு ஆறு யன்னலுக்குச் சரியாகப் போயிற்று. வெட்டாத ஆறு சேலைகளையும் ஆளுக்கு மூன்றாகப் பிரித்துக்கொண்டோம். கூறை அவளிடம் இருக்கிறது.

வெளிர் நீலச் சேலையை விரித்தபோது கரைக்கு அருகே சிவப்பு மையில் மிளகளவு ஒரு பொட்டு இருந்தது. விடைத்தாள் திருத்திய பேனா. அம்மா எலுமிச்சம்புளியும் உப்பும் வைத்துத் தேய்த்தும் போகாமல், கடைசியில் மடிப்புக்குள் மறைத்து உடுத்தியது எங்கள் இருவருக்கும் ஞாபகம் வந்தது. நான் அந்த இடத்தைக் கீழ்மடிப்புக்குள் விடப் பார்த்தேன். தங்கை விடவில்லை. அளவை மூன்று அங்குலம் நகர்த்தி வெட்டச் சொன்னாள். இப்போது அது மேற்கு அறை யன்னலில் இடப்பக்கத் துண்டில், உட்காரும் உயரத்தில் இருக்கிறது. பின்னேர வெயில் துணியில் விழும்போது அந்தப் பொட்டு மட்டும் கறுப்பாகத் தெரிகிறது.

வெளியே காசு போனது குழாய்க்கும் தாங்கிக்கும் நூலுக்கும் ஒரு போத்தல் வர்ணத்துக்கும்தான். கடையில் கேட்ட தொகையில் பத்தில் ஒரு பங்குகூட ஆகவில்லை. உட்துணிக்கு, யன்னலில் முடிச்சுப் போட்டிருந்த அதே வெள்ளை விரிப்புகளைப் பயன்படுத்தினேன். பாரத்துக்குக் கூழாங்கல் பைகள். தங்கையின் சின்னவனுக்கு இரண்டு வயது.

இன்னும் ஒன்று பாக்கி, குசினி யன்னல். அடுப்பு எதிர்ச்சுவரில் இருக்கிறது. பதின்மூன்றாவது துண்டைக் குறுக்காகத் திருப்பினால் 67 அங்குல அகலம் கிடைக்கிறது. சட்டத்துக்குள்ளேயே 48 அங்குலக் குழாய் வைத்துக் கீழ்ப்பாதிக்கு மட்டும் தொங்கவிடலாம் என்று நினைக்கிறேன். ஒன்றரை மடங்குக்குக் கொஞ்சம் குறைகிறது. பரவாயில்லையா, கோண்டாவில் அக்கா?

கோண்டாவில் தையற்கடை:

பரவாயில்லை. அரைத் திரைக்கு அது தாராளம். குறுக்காகத் திருப்பினால் கரை பக்கத்தில் வராது, மேலும் கீழும்தான் வரும். அதனால் இரண்டு ஓரமும் அரை அங்குலம் மடித்துத் தைக்க மறக்காதீர்கள். சேலையின் பெரிய கரையைக் கீழே வையுங்கள். குசினித் திரையைக் கிழமைக்கு ஒரு தரம் கழற்ற வேண்டி வரும் என்பதால் மேல்மடிப்பைக் கொஞ்சம் தளர்வாகத் தையுங்கள், குழாயில் இலேசாக வழுகி வரட்டும்.